வீடு போன பிறகும் விடாத கடன்!

பத்திரிகைகளில் நாலு பத்தி அகலத்துக்குப் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வருமே, பார்த்திருப்பீர்கள். கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், சர்வே எண், வடக்கே இன்னார் மனை, தெற்கே 20 அடி ரோடு, குறைந்தபட்ச விலை இவ்வளவு, ஏலம் இந்தத் தேதி!

மின்சார ரெயிலில் போகிறவர்கள் அதைப் படிப்பது இல்லை. புரட்டிவிட்டு சினிமாப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். படிப்பவர்கள் இரண்டே ரகம். ஒருவர், மலிவாக வீடு கிடைக்குமா என்று பார்ப்பவர். இன்னொருவர், அதில் தன் பெயர் அச்சாகி இருப்பவர்.

ஏலம் முடிகிறது. வீடு கை மாறுகிறது. தட்டுமுட்டுச் சாமான்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு குடும்பம் வாடகை வீட்டுக்குப் போகிறது. "போகட்டும், கடனாவது ஒழிந்ததே" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொள்கிறார்கள்.

அங்குதான் ஏமாந்து போகிறார்கள்!

வந்தார் ஒருவர்

சில வாரங்களுக்கு முன்பு நம் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். குரோம்பேட்டை பக்கத்தில் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வயது அறுபதுக்குக் கிட்டே. கையில் ஒரு மஞ்சள் பை. பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"சார், வீட்டத்தான் எடுத்துக்கிட்டாங்களே... இன்னும் என்ன சார் பாக்கி?"

2011-ல் பாங்கியில் கடன் வாங்கி, பம்மலில் இரண்டு அறை கொண்ட அடுக்கு வீடு வாங்கி இருக்கிறார். நாலு வருஷம் ஒழுங்காகத் தவணை கட்டினார். பிறகு மனைவிக்கு உடம்புக்கு வந்தது. கடையில் வந்த காசு எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. தவணை நின்றது. பாங்கி ரூ.21 லட்சத்து 40 ஆயிரம் கேட்டு நோட்டீஸ் விட்டது. 2018 ஜூலையில் வீடு ரூ.17 லட்சத்து 10 ஆயிரத்துக்கு ஏலம் போனது.

அத்தோடு கதை முடிந்தது என்று இருந்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்து இப்போது வந்திருக்கும் கடிதம், ரூ.9 லட்சத்து 85 ஆயிரம் கட்டச் சொல்கிறது. அதுவும் கடன் கொடுத்த பாங்கியிடம் இருந்து அல்ல. "உங்கள் கடனை நாங்கள் வாங்கிவிட்டோம்" என்று சொல்லும், அவர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு கம்பெனியிடம் இருந்து!

கடிதத்தோடு விட்டார்களா? கடைக்கு ஆள் வந்திருக்கிறது. "பையன் வேலைக்குப் போறானே, அவனைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. மாசம் பத்தாயிரம் கட்டுனா போதும். முடிச்சிரலாம்" என்று நயமாகப் பேசி இருக்கிறார்கள்.

"போட்டுரலாமா சார்?" என்றுதான் அவர் கேட்க வந்தார்.

அவர் ஒருவருக்காக மட்டும் இதை எழுதவில்லை. கடைக்காரர்களில், குமாஸ்தாக்களில், பஸ்சிலும் ரெயிலிலும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களில், இந்தக் கடிதத்தை அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ!

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுவோம். வீடு போனால் கடனும் போய்விடும் என்று நம் நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை.

2002-ம் ஆண்டு வந்தது "சர்பாசி" சட்டம். அதன்படி பாங்கி கோர்ட்டுப் படி ஏறாமலேயே அடமான வீட்டை விற்கலாம். 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிறகு வீட்டைக் கைப்பற்றிக் கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். இரண்டு பத்திரிகைகளில் அறிவிக்க வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் பாஷைப் பத்திரிகையாக இருக்க வேண்டும். (பொடி எழுத்து விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா? அதில் பத்திரிகைகளுக்கும் காசு வருகிறது என்பதை மறைப்பானேன்!) முதல் தடவை விற்பனைக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். பாங்கி செய்தது தப்பு என்றால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையில் 3 தீர்ப்பாயங்களும், கோவை, மதுரையில் ஒவ்வொன்றும் இருக்கின்றன.

விற்ற பணத்தை என்ன செய்ய வேண்டும்? 13-வது பிரிவு வரிசை போட்டுச் சொல்கிறது. முதலில் கைப்பற்றிய செலவு, விற்ற செலவு. அடுத்து பாங்கியின் பாக்கி. அதற்கு மேலும் மிச்சம் இருந்தால் அதை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்! ஆம், மிச்சம் என்று ஒன்று இருக்கலாம். வீடு போன துக்கத்தில் இதைக் கேட்கவே மறந்து போனவர்கள் உண்டு.

மிச்சம் இல்லாமல் குறைந்தால்? அதே பிரிவின் 10-வது உட்பிரிவு பேசுகிறது. குறைந்த தொகைக்காக பாங்கி தீர்ப்பாயத்திலோ கோர்ட்டிலோ மனுப் போடலாம். இந்த வார்த்தையை நன்றாகக் கவனியுங்கள். மனுப் போடலாம்! வீட்டை விற்றதைப் போல, கோர்ட்டுக்குப் போகாமல் தானே எடுத்துக்கொள்ள வழி கிடையாது. தொகை 20 லட்சமோ அதற்கு மேலோ என்றால் தீர்ப்பாயம். அதற்குக் கீழே என்றால் சிவில் கோர்ட்டு. நம் ஜெராக்ஸ் கடைக்காரர் விஷயத்தில் சிவில் கோர்ட்டுதான். அங்கே கேட்பவர் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்தக் கணக்குதான் நம்மைக் கோபப்பட வைக்கிறது.

கணக்கு எங்கே?

21 லட்சத்து 40 ஆயிரத்தில் 17 லட்சத்து 10 ஆயிரம் போனால் மிச்சம் எவ்வளவு? 4 லட்சத்து 30 ஆயிரம். கடிதத்தில் இருப்பது 9 லட்சத்து 85 ஆயிரம். இடையில் இருக்கும் 5 லட்சத்து 55 ஆயிரம் என்ன? வட்டியா? ஏலச் செலவா? வக்கீல் பீசா? காவலாளிச் சம்பளமா? கடிதத்தில் ஒரு வரி கிடையாது. "மொத்த பாக்கி" என்று ஒரே எண், அவ்வளவுதான்!

தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் போய், நோட்டுப் புத்தகத்தைக் காட்டாமல் பாக்கி வசூலிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம். "எந்தத் தேதியில என்ன வாங்குனேன்? கணக்கக் காட்டுய்யா" என்று வாடிக்கைக்காரர் சட்டையைப் பிடித்துவிட மாட்டாரா? அரைக் கிலோ பருப்புக்கு இருக்கிற நியாயம், அரைக்கோடிப் பேர் பணம் போட்டு வைத்திருக்கிற பாங்கிக்கு வேண்டாமா?

பாங்கியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கொடுத்தது ஊரார் டெபாசிட் பணம். ஒருவர் கட்டாமல் போனால் அந்தப் பாரம் ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில்தான் விழும். வசூல் செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கைக் காட்டிவிட்டு வசூல் செய்யட்டும்!

ஏலத்தில் வீடு ஏன் அடிமாட்டு விலைக்குப் போகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றே, அல்லது மறுநாள் பாங்கி திறந்ததும் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதத்தை 15 நாளில் கட்ட வேண்டும். எழுதி ஒப்புக்கொண்டால் 3 மாதம் வரை நீட்டலாம். ரொக்கம் வைத்திருப்பவன்தான் இதில் இறங்க முடியும். கடன் வாங்கி வீடு வாங்கும் நம்மைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம். போட்டிக்கு நாலு பேர் வந்தால் அதிகம். விலை எப்படி ஏறும்?

ஆனாலும் பாங்கி இஷ்டத்துக்கு விற்றுவிட முடியாது. மதிப்பீட்டாளரிடம் மதிப்புப் போட்டு வாங்கிய பிறகே குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டும். அந்த விலைக்குக் கீழே விற்பது என்றால் கடன் வாங்கியவரின் சம்மதமும் வேண்டும். ஆகவே பாக்கி கேட்டுக் கடிதம் வந்தால் மூன்று காகிதங்களைக் கேளுங்கள். மதிப்பீட்டு அறிக்கை, விற்பனைச் சான்றிதழின் நகல், கடன் கணக்கின் முழு வரவு செலவு. கம்பெனி கேட்கிறது என்றால், பாங்கி அந்தக் கடனை அதற்கு மாற்றிக் கொடுத்த பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். அந்தக் கம்பெனிகள் வாராக்கடனைத் தள்ளுபடி விலையில்தான் வாங்குகின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசும்போது உதவும்.

புரோநோட்டு மறந்து போச்சா?

நம் ஜனங்களுக்கு ஒரு சட்டம் மனப்பாடம். புரோநோட்டுக்கு 3 வருஷம்! கடன் கொடுத்தவர் மூன்றாவது வருஷம் முடிவதற்குள் ஓடி வருவார். "ஒரு நூறு ரூபாய் கொடுத்து, நோட்டு முதுகில் வரவு வச்சுக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்பார். ஏன்? போடாவிட்டால் நோட்டு காலாவதி! போட்டால் அன்றில் இருந்து இன்னொரு 3 வருஷம்.

பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த இந்த நியாயம், பாங்கிக் கடிதம் வந்ததும் மறந்துபோகிறது. முத்திரையைப் பார்த்ததுமே கை நடுங்குகிறது.

1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் பாங்கிக்கும் உண்டு. அடமானச் சொத்தின் மேல் பாய்வதற்கு 12 வருஷம். அந்தச் சொத்தைத்தான் விற்றாகிவிட்டதே! இனி ஆள் மேல் பணம் கேட்டு வழக்குப் போடுவது என்றால் பொதுவாக 3 வருஷம். எந்த நாளில் இருந்து எண்ணுவது என்பது ஒவ்வொரு கடனுக்கும் மாறும். அதை வக்கீல் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கிறது. அதையும் கழித்து, ஏலம் நடந்த 2018 ஜூலையில் இருந்து எண்ணினாலும், நம் கடைக்காரர் விஷயத்தில் 2023 நடுவிலேயே கெடு முடிந்திருக்கும்.

ஆனால் இரண்டு விஷயங்கள் கணக்கை மாற்றிவிடும்.

ஒன்று, இடையில் வழக்குப் போட்டிருந்தால். தீர்ப்பே வாங்கி வைத்திருந்தால் நிலைமை வேறு. சிவில் கோர்ட்டு டிகிரியை நிறைவேற்ற 12 வருஷம் உண்டு. "எனக்கு சம்மனே வரலையே" என்பீர்கள். சம்மன் எந்த விலாசத்துக்குப் போயிருக்கும்? ஏலம் போன வீட்டு விலாசத்துக்கு! பூட்டிய கதவில் ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அல்லது புதிதாக வாங்கியவர் "அவங்க காலி பண்ணிட்டாங்க" என்று சொல்லி அனுப்பி இருப்பார். இங்கே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகி இருக்கும். ஈ-கோர்ட்ஸ் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வழக்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிரவுசிங் சென்டர்காரரே பார்த்துச் சொல்வார். வீடு மாறிப் போகிறவர்கள் புது விலாசத்தைப் பாங்கிக்கு எழுதிக் கொடுப்பதுதான் நல்லது. ஒளிந்துகொண்டால் நோட்டீஸ் மட்டும்தான் தப்பும், வழக்கு தப்பாது.

இரண்டாவது, கையெழுத்து.

கெடு முடிவதற்கு முன்னால் "பாக்கி உண்டு" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றில் இருந்து புதுக் கெடு தொடங்கும். கெடு முடிந்த பிறகு? செத்த கடன்தான். ஆனால் "கட்டிவிடுகிறேன்" என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவின்படி செத்தது எழுந்து உட்கார்ந்துகொள்ளும்! கடைக்கு வந்த ஆள் 9 லட்சத்தைப் பற்றி அதிகம் பேசாமல் கையெழுத்தைப் பற்றியே பேசியது ஏன் என்று இப்போது புரிகிறதா?

சம்மன் வந்தால் மட்டும் போகாமல் இருந்துவிடாதீர்கள். கெடு தாண்டிய வழக்கை, எதிர்த்தரப்பு சொல்லாவிட்டாலும் கோர்ட்டே தள்ள வேண்டும் என்பது சட்டம். இருந்தாலும் போய் நின்று சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

மகன் கட்ட வேண்டுமா?

வேண்டாம். கடன் பத்திரத்தில் மகன் கையெழுத்து இல்லை என்றால் அவன் சம்பளத்துக்கும் அந்தக் கடனுக்கும் சம்பந்தமே கிடையாது. தகப்பனார் காலத்துக்குப் பிறகுகூட, அவர் விட்டுச் சென்ற சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. சொத்தே இல்லை என்றால் பொறுப்பும் இல்லை. "அப்பன் பட்ட கடன் பிள்ளை தலையில்" என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான் வசூல்காரர்கள் பிழைக்கிறார்கள்.

ஜாமீன் போட்டவர் கதை இதற்கு நேர்மாறு. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் கேட்டார் என்று டீக் குடிக்கும் நேரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. "முதலில் அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லித் தப்ப முடியாது. நம் கடைக்காரருக்கு ஜாமீன் போட்டவர் அவருடைய மைத்துனர். வீடு ஏலம் போன பிறகு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். பொங்கலுக்கு வரிசை வைக்கக்கூட வருவதில்லையாம்.

ஜெயில் பயம்

"போலீஸ் வரும், உள்ளே போட்டுடுவாங்க" என்று மிரட்டுவது பழைய வித்தை. கட்ட வழி இல்லாத ஏழையைக் கடனுக்காக ஜெயிலில் போடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1980-லேயே சொல்லிவிட்டது. சொன்னவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். பணத்தை வைத்துக்கொண்டே ஏமாற்றுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீர்ப்பே வந்தாலும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக முடியாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால், அதற்கு மேல் சம்பளத்தில் கைவைக்க முடியாது. பிராவிடண்ட் பண்டு, அரசாங்கப் பென்ஷன், கிராஜுவிட்டி, ஆயுள் இன்சூரன்ஸ் பணம் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது.

வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2022 ஆகஸ்டில் பாங்கிகளுக்கும் நிதிக் கம்பெனிகளுக்கும் உத்தரவு போட்டது. சொந்தக்காரர்கள், சிநேகிதர்களிடம் போய் அவமானப்படுத்துவதும் கூடாது. அப்படிச் செய்தால் தேதி, நேரம், போன் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அதுதான் சாட்சி.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். "பாங்கிகள் பல்லாயிரம் கோடி கடனைத் தள்ளுபடி செய்தன" என்று கொட்டை எழுத்தில் செய்தி வருகிறது. அதைப் பார்த்துவிட்டு "என்னோட கடனும் தள்ளுபடி ஆயிருக்கும்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அது தள்ளுபடி அல்ல. "ரைட் ஆப்". பாங்கி தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றி எழுதிக்கொள்கிறது. வசூல் உரிமை அப்படியே இருக்கிறது. தள்ளுபடி என்று தலைப்புப் போட்டுக் குழப்பியதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு.

என்ன செய்யலாம்?

பாக்கி நியாயமானது, கெடுவும் தாண்டவில்லை என்றால், ஒரே தடவையில் இவ்வளவு தருகிறேன், முடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம். ஆனால் அது உங்கள் உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2021-ல் சொல்லிவிட்டது. பாங்கி மனது வைத்தால்தான் உண்டு. வாய் வார்த்தையை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தொகை, தேதி, "இனி பாக்கி எதுவும் இல்லை" என்ற வாசகம் மூன்றும் இருக்கிற கடிதம் கைக்கு வந்த பிறகு கட்டுங்கள். ஜாமீன்தாரர் பெயரும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சத்துக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

லோக் அதாலத்திலும் பேசி முடிக்கலாம். கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது டிகிரிக்குச் சமம். அப்பீல் இல்லை. கணக்கைப் பார்க்காமல் அங்கேயும் போய் உட்காராதீர்கள்.

வக்கீல் பீசுக்கு வழி இல்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். சென்னையில் ஐகோர்ட்டு வளாகத்தில் இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் கோர்ட்டு வளாகத்தில் கேட்டால் சொல்வார்கள். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. வீட்டுக் கடனில் மனைவியின் பெயரும் சேர்ந்து இருப்பது சகஜம். மனைவி பெயரில் மனுக் கொடுங்கள்.

இதைப் படிப்பவர்களில் இன்னும் ஏலம் வரை போகாதவர்களும் இருப்பீர்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் உங்கள் இஷ்டத்துக்கு வீட்டை விற்க முடியாது என்பது உண்மை. ஆனால் பாங்கியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு நீங்களே விற்கலாம். ஏலத்தில் போவதைவிட நாலு காசு கூடக் கிடைக்கும். 2016-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். முன்னே மாதிரி கடைசி நாள் வரை இழுக்க முடியாது.

ரிசர்வ் பாங்கிக்கு ஒரு கேள்வி

கடனைக் கட்டி முடித்தவருக்கு 30 நாளில் மூலப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.5,000 கொடுக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. எல்லோரும் வரவேற்றார்கள்.

கட்டி முடித்தவருக்கு இருக்கிற அந்த மரியாதை, கட்ட முடியாமல் வீட்டைப் பறிகொடுத்தவருக்கு ஏன் இல்லை? வீட்டை விற்ற 30 நாளில், இவ்வளவுக்கு விற்றோம், இவ்வளவு செலவு, மிச்சம் இவ்வளவு அல்லது குறைவு இவ்வளவு என்று தமிழில் ஒரு காகிதம் அனுப்ப வைப்பதில் என்ன கஷ்டம்? குறைந்த தொகையைக் கேட்கப் போகிறார்களா, இல்லையா என்பதையும் ஒரு கெடுவுக்குள் சொல்ல வைக்கலாமே!

பிரிட்டனில் 1990-களின் தொடக்கத்தில் வீட்டு விலை சரிந்தது. 1991-ல் மட்டும் 75 ஆயிரம் வீடுகளுக்கு மேல் பாங்கிகளும் வீட்டுக் கடன் சங்கங்களும் கைப்பற்றின. பல வருஷம் கழித்துப் பாக்கிக் கடிதங்கள் வந்தன. ஜனங்கள் கொதித்தார்கள். இப்போது அங்கே விதி இருக்கிறது. வீட்டை விற்ற 6 வருஷத்துக்குள், ஸ்காட்லாந்தில் 5 வருஷத்துக்குள், "பாக்கியை வசூலிக்கப் போகிறோம்" என்று கடன் வாங்கியவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1930-களின் பஞ்ச காலத்திலேயே இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குடியிருக்க வாங்கிய வீட்டுக்கான கடன் என்றால், வீட்டோடு சரி. மிச்சத்துக்கு ஆளைத் துரத்தக் கூடாது!

கலிபோர்னியா மாதிரி இங்கே செய்யுங்கள் என்று கேட்கவில்லை. அப்படிச் செய்தால் பாங்கிகள் கடன் கொடுக்கவே யோசிக்கும், வட்டியும் ஏறும் என்பது தெரிந்ததுதான். கேட்பது ஒரு காகிதம். ஒரு கணக்கு. ஒரு கெடு. இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். ரிசர்வ் பாங்கி ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நம் அலுவலகத்திலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். "உங்கள் கடிதம் கிடைத்தது. பாக்கி எதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கீழ்க்கண்ட நகல்களை அனுப்பவும்" என்று நாலே வரி. ஒப்புக்கொள்ளவில்லை என்ற வார்த்தை மிகவும் முக்கியம். அதை விட்டுவிட்டு "கொஞ்சம் அவகாசம் தாருங்கள்" என்று பணிவாக எழுதினால், அந்தப் பணிவே வினையாகிவிடும்.

ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னோம். தலையாட்டினார். மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவர், நின்று செல்போனை எடுத்தார்.

"டேய் தம்பி, அந்த ஆளு உன் ஆபீசுக்கு வந்தானா?... எதுலயும் கையெழுத்துப் போடலியே?... போடாத. நான் வந்து சொல்றேன்."